தமிழ் உரைக்கான சிஎஸ்எஸ் பாணியும் உலாவி வேறுபாடுகளும்

சிஎஸ்எஸ் என்பது வலைப்பக்கத்தின் உள்ளடக்கம் எந்த எழுத்துருவில், எந்த அளவில், எந்த நிறத்தில், எவ்வளவு இடைவெளியுடன் திரையில் தோன்ற வேண்டும் என்பதை வரையறுக்கும் பாணித்தாள் மொழியாகும். ஒரே பாணித்தாளை எல்லா உலாவிகளும் ஒரே மாதிரி நிறைவேற்றுவதில்லை. ஆங்கில உரையில் இந்த வேறுபாடு பெரும்பாலும் தோற்றத்தோடு நின்றுவிடும். தமிழ் உரையில் அது எழுத்தின் வடிவத்தையே சிதைக்கக்கூடும். கொம்பு இடம் மாறினாலும், புள்ளி மறைந்தாலும், எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் தோன்றினாலும் வாசகரால் சொல்லைப் படிக்க இயலாது. ஆகவே தமிழ்ப் பக்கத்துக்குப் பாணி அமைப்பவர் முதலில் உறுதி செய்ய வேண்டியது வாசிப்புத்திறனை. அழகு அதன்மேல் சேர்க்கப்படும் அடுக்காகும்.

இக்கட்டுரையில் சிஎஸ்எஸ் பண்புகளின் பெயர்கள் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. நிரல் எழுதும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே எழுத வேண்டும்.

பாணித்தாளின் அடிப்படை

ஹோகன் வியூம் லீ 1994 அக்டோபரில் சிஎஸ்எஸ் கருத்தை முன்மொழிந்தார். பின்னர் பெர்ட் போஸ் அவருடன் இணைந்தார். முதல் பதிப்பு 1996 டிசம்பரிலும் இரண்டாம் பதிப்பு 1998 மே மாதத்திலும் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரைகளாக வெளிவந்தன. உலாவிகளின் நடைமுறையோடு ஒத்துப்போகும்படி இரண்டாம் பதிப்பைத் திருத்தி அமைத்த 2.1 பதிப்பு 2011 சூனில்தான் முழுமை பெற்றது. வரையறை வெளியாகும் காலத்துக்கும் எல்லா உலாவிகளும் அதைப் பின்பற்றும் காலத்துக்கும் இடையில் பல ஆண்டுகள் கழிவது சிஎஸ்எஸ் வரலாற்றில் வழக்கமானது.

ஒரு சிஎஸ்எஸ் விதியில் மூன்று உறுப்புகள் உண்டு. எந்தப் பகுதிக்கு விதி பொருந்தும் என்பதைத் தேர்வி சொல்லும். எதை மாற்ற வேண்டும் என்பதைப் பண்பு சொல்லும். எப்படி மாற்ற வேண்டும் என்பதை மதிப்பு சொல்லும். உலாவி தனக்குத் தெரியாத பண்பையோ மதிப்பையோ சந்தித்தால் பிழை காட்டி நின்றுவிடாது. அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வரிக்குச் செல்லும். ஒரே பண்புக்கு இரண்டு மதிப்புகள் தரப்பட்டிருந்தால், தனக்குப் புரிந்தவற்றுள் கடைசியாக வந்ததை ஏற்கும். இவ்விரு இயல்புகளும்தான் உலாவி வேறுபாடுகளைச் சமாளிக்கும் எல்லா முறைகளுக்கும் அடித்தளம்.

தமிழ் எழுத்தும் குறியீடும்

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூரின் கல்வெட்டுகளைப் பற்றி ஒரு மாணவர் வலைப்பக்கம் அமைப்பதாகக் கொள்வோம். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் உள்ளன. 30 குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த விதிகளை அவை கூறுகின்றன. இந்தப் பக்கத்தின் தலைப்பில் வரும் ‘உத்திரமேரூர்’ என்ற சொல்லே பாடத்துக்குப் போதுமான எடுத்துக்காட்டு.

கண்ணால் எண்ணினால் அச்சொல்லில் உ, த், தி, ர, மே, ரூ, ர் என 7 எழுத்துகள் உள்ளன. கணினியிலோ 12 ஒருங்குறிக் குறியீடுகள் உள்ளன: உ, த, புள்ளி, த, மேல்விலங்கு, ர, ம, இரட்டைக்கொம்பு, ர, ஊகாரக் குறி, ர, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு இடம் கொள்ளும். ஆகவே 7 எழுத்துச் சொல் 36 பைட்டாகிறது.

இதில் ‘மே’ கவனிக்கத்தக்கது. சேமிப்பில் மகரம் முன்னும் இரட்டைக்கொம்பு பின்னும் இருக்கும். திரையில் கொம்பு முன்னே வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் மென்பொருள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவை இதற்கு ஹார்ஃப்பஸ் என்ற நிரலகத்தைப் பயன்படுத்துகின்றன. ஆப்பிள் கருவிகளில் சஃபாரி, கோர்டெக்ஸ்ட் என்ற அமைப்பைப் பயன்படுத்துகிறது. ஆக, திரையில் ஒரு தமிழ்ச் சொல் சரியாகத் தோன்றக் குறியேற்றம், எழுத்துரு, எழுத்துக்கோப்பு, பாணித்தாள் ஆகிய நான்கும் ஒத்துழைக்க வேண்டும்.

குறையின் இடத்தை அறிதல்

திரையில் தெரியும் குறையைக் கொண்டே அது எந்த அடுக்கில் உள்ளது என்று பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். இதை அறியாமல் பாணித்தாளைத் திருத்திக்கொண்டிருப்பது பயன் தராது.

1. உரை முழுவதும் சாய்கோடு தாங்கிய ஐரோப்பிய எழுத்துகளாகவும் வட்டத்துக்குள் இருக்கும் வணிகப் பதிவுக் குறிகளாகவும் தெரிந்தால் குறை குறியேற்றத்தில் உள்ளது. யூடிஎஃப்-8 கோப்பை உலாவி வேறு முறையாகக் கருதிப் படித்துவிட்டது. பக்கத்தின் தலைப்பகுதியில் குறியேற்றத்தை அறிவிப்பதே தீர்வு.

2. எழுத்துகளுக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் அக்கருவியில் தேவையான எழுத்துரு இல்லை.

3. கொம்பு எழுத்துக்குப் பின்னே நின்றாலோ, புள்ளிகளால் ஆன சிறு வட்டத்தின்மேல் உயிர்க்குறி தனியே தெரிந்தாலோ எழுத்துக்கோப்பு முறிந்துள்ளது. பழைய மென்பொருள், தவறான தட்டச்சு வரிசை, ஓர் எழுத்தின் நடுவில் செருகப்பட்ட குறிச்சொல் ஆகியவை இதன் காரணங்களாக இருக்கலாம்.

4. எழுத்து சரியாக இருந்தும் மேற்சுழியோ கீழ்விலங்கோ வெட்டுப்பட்டாலும், வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் குறை பாணித்தாளில் உள்ளது.

எழுத்துருக் குழப்பத்தின் வரலாறு

1990களில் தமிழ் இணையதளங்கள் ஒவ்வொன்றும் தமக்கெனத் தனி எழுத்துருவும் தனிக் குறியேற்றமும் வைத்திருந்தன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்கள் அவை. எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாகவே தெரியும். ஒரு தளத்தில் படித்ததை வேறொரு தளத்தில் தேட இயலாது.

1997இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4, பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பும் இஓடி வடிவத்தை ஏற்றது. அதே காலத்தில் நெட்ஸ்கேப் 4, ட்ரூடாக் என்ற வேறொரு வடிவத்தை ஏற்றது. இவற்றைத் தமிழ்த் தளங்கள் ‘இயங்கு எழுத்துரு’ என்ற பெயரில் பயன்படுத்தின. ஓர் உலாவிக்கென ஆக்கியது மற்றோர் உலாவியில் வேலை செய்யாததால், வாசகர் எந்த உலாவியைத் திறக்கிறார் என்பதைப் பொறுத்தே செய்தியைப் படிக்க முடிந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியேற்றங்கள் தரமாக்கப்பட்டன. விண்டோஸ் 2000 இயங்குதளம் லதா எழுத்துருவுடன் ஒருங்குறித் தமிழைக் கொண்டுவந்தது. ஆனால் விண்டோஸ் எக்ஸ்பியில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான வசதியைக் கட்டுப்பாட்டுப் பலகத்தில் தனியே நிறுவ வேண்டியிருந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16 குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. அக்காலத்து ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் கட்டங்களாகவே தெரிந்தது. ஓப்பரா மினி உலாவியின் அமைப்புப் பக்கத்தில், சிக்கலான எழுத்துகளைப் படமாக்கிக் காட்டும் தெரிவை இயக்கியே பலர் தமிழ் படித்தனர்.

தனிக் குறியேற்றத்தில் எழுதப்பட்ட பக்கங்கள் அவற்றின் எழுத்துரு மறைந்தபோது படிக்க முடியாதவையாயின. உள்ளடக்கத்தை ஒரு குறிப்பிட்ட தோற்றத்தோடு பிணைத்துவிட்டால், அத்தோற்றம் போகும்போது உள்ளடக்கமும் போய்விடும் என்பது இதில் கிடைக்கும் பாடம்.

எழுத்துருவைத் தேர்தல்

‘ஃபான்ட்-ஃபேமிலி’ பண்பில் எழுத்துருக்களை முன்னுரிமை வரிசையில் எழுதலாம். முதலாவது இல்லையெனில் உலாவி அடுத்ததைத் தேடும். தமிழ் எழுத்துருக்கள் இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறுபடும். விண்டோஸில் லதா, விஜயா ஆகியவையும், விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ எழுத்துருவும் உள்ளன. ஆப்பிள் கருவிகளில் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி, தமிழ் சங்கம் எம்என் ஆகியவை உள்ளன. ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழும், லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றில் லோகித் தமிழும் கிடைக்கின்றன. வரிசையில் ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் ஒன்றைக் குறிப்பிட்டு, இறுதியில் ‘சான்ஸ்-செரிஃப்’ என்ற பொதுப்பெயரை இட வேண்டும். அப்பொதுப்பெயர் இருந்தால், குறிப்பிட்டவை எதுவுமே இல்லாத கருவியும் தன்னிடமுள்ள எழுத்துருவைக் கொண்டு பக்கத்தைக் காட்ட முயலும்.

எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்ப ‘ஃபான்ட்-ஃபேஸ்’ விதி உதவுகிறது. சஃபாரி 3.1 பதிப்பு 2008இலும், ஃபயர்ஃபாக்ஸ் 3.5 பதிப்பு 2009இலும் இதை ஏற்றன. உலாவிகளுக்குப் பொதுவான வோஃப் வடிவம் 2012 டிசம்பரிலும், அதைவிட நன்கு சுருங்கும் வோஃப்2 வடிவம் 2018 மார்ச்சிலும் பரிந்துரைகளாயின. இன்றைய உலாவிகளுக்கு வோஃப்2 ஒன்றே போதும். மீரா இனிமை, முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், பவனம் போன்ற திறந்த உரிமத் தமிழ் எழுத்துருக்களை இவ்வாறு பயன்படுத்தலாம்.

எழுத்துரு வந்து சேரும்வரை சில உலாவிகள் உரையை மறைத்து வைக்கும். மெதுவான கைப்பேசி இணைப்பில் வாசகர் வெற்றுத் திரையைப் பார்த்திருக்க நேரும். ‘ஃபான்ட்-டிஸ்ப்ளே’ என்ற கூற்றுக்கு ‘ஸ்வாப்’ மதிப்பைத் தந்தால், கருவியிலுள்ள எழுத்துருவில் உரை உடனே தோன்றும். புதிய எழுத்துரு வந்தபின் மாறும். 2017–18 காலத்தில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் இதை ஏற்றன. இதை அறியாத பழைய உலாவி அவ்வரியை விட்டுவிடும், தீங்கில்லை.

ஒருங்குறியில் தமிழுக்கான முதன்மைத் தொகுதி 128 இடங்களைக் கொண்டது. அவற்றுள் 72 நிரப்பப்பட்டுள்ளன. ‘யூனிகோட்-ரேஞ்ச்’ கூற்றில் இந்த எல்லையைக் குறித்தால், தமிழ் உரை உள்ள பக்கத்துக்கு மட்டும் தமிழ் எழுத்துருக் கோப்பு இறங்கும். எல்லையை வகுக்கும்போது ரூபாய்க் குறி, எழுத்துகளை இணைக்கவும் பிரிக்கவும் பயன்படும் புலப்படாக் குறிகள் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டில் வடசொற்கள் கிரந்த எழுத்தில் உள்ளன. அவற்றைக் கிரந்தத்திலேயே காட்ட விரும்பினால், 2014இல் வெளியான ஒருங்குறி 7.0 பதிப்பில் சேர்க்கப்பட்ட கிரந்தத் தொகுதிக்கு நோட்டோ சான்ஸ் கிரந்தம் போன்ற தனி எழுத்துருவைத் தர வேண்டும். பக்கத்தில் தமிழெழுத்துப் பெயர்ப்பும் உடன் இருந்தால், கிரந்த எழுத்துரு வராத கருவியிலும் பொருள் தங்கும்.

அளவும் வரி இடைவெளியும்

தமிழ் எழுத்துகள் மேலும் கீழும் விரிபவை. ‘கீ’ எழுத்தின் சுழி மேலே செல்லும். ‘ழு’, ‘ஞு’ போன்றவற்றின் கோடுகள் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி உயரம் தமிழுக்கு நெருக்கமாக இருக்கும். ‘லைன்-ஹைட்’ பண்புக்கு 1.6 முதல் 1.8 வரையான மதிப்பு உடலுரைக்குப் பொருந்தும். இதை அலகின்றி எழுதுவது நல்லது. 20 பிக்சல் என்று நிலையாக எழுதினால் பெரிய தலைப்பும் அதே 20 பிக்சலைப் பெற்று, இரண்டு வரித் தலைப்பின் எழுத்துகள் ஒன்றோடொன்று மோதும். அலகில்லா எண், ஒவ்வொரு பகுதியின் எழுத்தளவுக்கும் ஏற்பப் பெருக்கப்படும்.

பொத்தான், பட்டியல் பெட்டி போன்றவற்றுக்கு உயரத்தை நிலையாக வைத்து, மிஞ்சியதை மறைக்கும்படி எழுதினால் கீழ்விலங்கு வெட்டுப்படும். ‘கு’ என்பது ‘க’ போலத் தெரிந்தால் அது வேறு எழுத்தாகிவிடுகிறது. உயரத்துக்குப் பதில் உள்விளிம்பைக் கொண்டு அளவு தருவதே பாதுகாப்பு.

ஒரே எழுத்தளவு மதிப்பில் லதாவும் நோட்டோவும் ஒரே அகலத்தில் தோன்றா. ஆகவே ஒரு கணினியில் ஒரு வரியில் அடங்கும் தலைப்பு மற்றொன்றில் இரண்டு வரியாகலாம். அளவுகளை ஒப்பாக்க உதவும் ‘ஃபான்ட்-சைஸ்-அட்ஜஸ்ட்’ பண்பை ஃபயர்ஃபாக்ஸ் நெடுங்காலமாக ஏற்றிருந்தது. குரோம் 2024இல்தான் ஏற்றது. இப்பண்பு இல்லாமலும் குலையாத அமைப்பை வகுத்துவிட்டு, பிறகு இதைச் சேர்க்க வேண்டும்.

சாய்வு, தடிப்பு, அடிக்கோடு

தமிழ் அச்சு மரபில் ஆங்கில இட்டாலிக் போன்ற தனிச் சாய்வெழுத்து வடிவம் இல்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் இருப்பதில்லை. அப்போது உலாவி நேர் எழுத்தையே செயற்கையாகச் சாய்த்துக் காட்டும். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் கோடுகளைச் செயற்கையாகப் பருமனாக்கும். ‘ண’, ‘ஞ’ போன்ற எழுத்துகளின் உள்வெளிகள் அடைந்துபோகும். இந்தச் செயற்கையாக்கத்தை ‘ஃபான்ட்-சிந்தசிஸ்’ பண்பால் தடுக்கலாம். குரோம் இதை 2022 சனவரியில் ஏற்றது. அதைவிட எளிய வழி, தமிழ் உரையில் அழுத்தத்தைத் தடித்த எழுத்தாலோ நிறத்தாலோ காட்டுவதும், தடித்த வடிவம் உண்மையாகவே உள்ள எழுத்துருவைத் தேர்வதும் ஆகும். ஆங்கிலத்தில் பெரிய, சிறிய எழுத்து மாற்றும் ‘டெக்ஸ்ட்-டிரான்ஸ்ஃபார்ம்’ பண்பு தமிழில் எந்த மாற்றமும் செய்யாது. பெரிய எழுத்தைக் கொண்டு தலைப்பைக் காட்டும் வார்ப்புருவைத் தமிழுக்கு அப்படியே எடுத்தால், தலைப்பும் உடலுரையும் வேறுபாடின்றித் தோன்றும்.

இணைப்புகளின் அடிக்கோடு, கீழிறங்கும் கோடுகளின்மீது ஓடி வாசிப்பைத் தடுக்கும். எழுத்து வரும் இடத்தில் கோட்டை விட்டுச்செல்லும் வசதியைக் குரோம் 2018இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2019இலும் சேர்த்தன. கோட்டைச் சற்றுக் கீழே இறக்கும் ‘டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஆஃப்செட்’ பண்பு தமிழுக்கு மிகவும் உதவுவது; குரோமில் 2020 இறுதியில் வந்தது.

எழுத்து இடைவெளியும் முதலெழுத்தும்

‘லெட்டர்-ஸ்பேசிங்’ பண்பு எழுத்துகளுக்கு இடையே இடைவெளி சேர்க்கும். எழுத்து என்பது எது என்பதை உலாவி எப்படிக் கணக்கிடுகிறது என்பதில்தான் சிக்கல் உள்ளது. குறியீட்டுக்குக் குறியீடு இடைவெளி விடும் மென்பொருளில் ‘மே’ எழுத்தின் கொம்பும் மகரமும் பிரியும். இன்றைய உலாவிகள் ஒருங்குறியின் எழுத்துக்கூட்டு விதியைப் பின்பற்றுவதால் ‘உத்திரமேரூர்’ சரியாக 7 எழுத்தாகவே பிரியும்.

ஆனால் அவ்விதியின்படி ‘க்ஷ’ என்பது க், ஷ என இரண்டு கூட்டுகளாகிறது. ‘ஸ்ரீ’ என்பது ஸ், ரீ என இரண்டாகிறது. ஒருங்குறி 15.1 பதிப்பு 2023இல் சில இந்திய எழுத்துமுறைகளின் கூட்டெழுத்துகளைப் பிரிக்காமல் காக்கும் புதிய விதியைச் சேர்த்தது. தேவநாகரி, வங்காளம், குசராத்தி, மலையாளம், ஒடியா, தெலுங்கு ஆகியவை அதில் அடங்கின, தமிழ் அடங்கவில்லை. கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வழக்கமாக வரும் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற மங்கலச் சொல்லைத் தலைப்பாக்கி எழுத்து இடைவெளி தந்தால், இறுதி எழுத்து இரண்டாக உடையக்கூடும். அத்தகைய சொற்களுக்கு இடைவெளி தராமல் விடுவதே வழி.

பத்தியின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் ‘ஃபர்ஸ்ட்-லெட்டர்’ தேர்விக்கும் இதே சிக்கல் உண்டு. ‘கொ’, ‘மே’ போன்ற எழுத்துகளை முழுமையாக எடுக்க வேண்டும் என்பது வரையறையின் நோக்கம். பத்தி ‘ஸ்ரீ’ என்று தொடங்கினால் பாதி எழுத்து பெரிதாகவும் மீதி சிறிதாகவும் தோன்றலாம். வேண்டிய எழுத்தைத் தனிக் குறிச்சொல்லுக்குள் முழுமையாக வைத்து அதற்குப் பாணி தருவது எல்லா உலாவிகளிலும் ஒரே விளைவைத் தரும்.

தொடக்கப்பள்ளிப் பாடங்களில் உயிர்க்குறியை மட்டும் சிவப்பாக்கிக் காட்டுவது வழக்கம். வலைப்பக்கத்தில் கொம்பையோ துணைக்காலையோ மட்டும் குறிச்சொல்லுக்குள் வைத்தால் முடிவு உலாவிக்கு உலாவி மாறும். குறிச்சொல்லுக்கு விளிம்போ உள்விளிம்போ தந்தால் எழுத்துக்கோப்பு அங்கே முறிய வேண்டும் என்பதே வரையறை. இத்தகைய பாடங்களுக்கு எழுத்தை எஸ்விஜி படமாக வரைந்து, மாற்று உரையாக அவ்வெழுத்தையே தருவது நம்பகமானது.

வரி முறிவும் ஓரச் சீரமைப்பும்

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கான’ என்ற ஒரே சொல்லில் 18 எழுத்துகள் உள்ளன. கைப்பேசித் திரையில் இது ஏறக்குறைய ஒரு வரி முழுவதையும் அடைக்கும். இருபுறமும் ஓரம் சமமாக்கும் ‘ஜஸ்டிஃபை’ மதிப்பைத் தந்தால், சொற்களுக்கு இடையே பெரும் வெற்றிடங்கள் விழும். நாளிதழின் அச்சுப் பக்கத்தில் இதைக் கையால் சரிசெய்ய முடியும். உலாவியில் அவ்வாறு செய்ய இயலாது. சிறிய திரைகளுக்கு இடப்புறச் சீரமைப்பே ஏற்றது. அகன்ற திரைகளுக்கு மட்டும் ஊடக வினவல் மூலம் இருபுறச் சீரமைப்பைத் தரலாம்.

நீண்ட சொல் பெட்டியை மீறாமலிருக்க ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ பண்புக்கு ‘பிரேக்-வேர்டு’ மதிப்பு தர வேண்டும். இது சொல் வேறு எவ்வகையிலும் அடங்காதபோது மட்டுமே அதை முறிக்கும். ‘வேர்டு-பிரேக்’ பண்பின் ‘பிரேக்-ஆல்’ மதிப்பைத் தவிர்க்க வேண்டும். அது கண்ட இடத்தில் சொல்லை வெட்டி, ‘உத்திரமேரூ’ ஒரு வரியிலும் ‘ர்’ அடுத்த வரியிலும் நிற்கச் செய்யும். வரியைப் புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது என்பது தமிழ் அச்சுக்கோப்பில் பேணப்படும் ஒழுங்கு.

‘ஹைஃபன்ஸ்’ பண்பு சொல்லை அசை எல்லையில் பிரிக்கும். இதற்கு இரண்டு தேவைகள் உண்டு. பக்கத்தின் மொழி தமிழ் என ‘லாங்’ பண்புக்கூறு வழியாக அறிவித்திருக்க வேண்டும். உலாவியிடம் தமிழுக்கான பிரிப்பு வடிவங்களும் இருக்க வேண்டும். சந்தோஷ் தோட்டிங்கல் உருவாக்கிய தமிழ்ப் பிரிப்பு வடிவங்கள் திறந்த உரிமத்தில் உள்ளன. ஆயினும் எல்லா உலாவிகளும் எல்லா இயங்குதளங்களிலும் தமிழைப் பிரிப்பதில்லை. மிக நீண்ட சொற்களில் புலப்படா இணைகோட்டைத் தக்க இடத்தில் கையால் இடுவது எங்கும் செயல்படும்.

பட்டியல் எண்கள்

சிஎஸ்எஸ் எண்ணிப் பாணிகளில் ‘தமிழ்’ என்ற பெயரிலேயே ஒன்று உள்ளது. ‘லிஸ்ட்-ஸ்டைல்-டைப்’ பண்புக்கு இதைத் தந்தால் பட்டியல் ௧, ௨, ௩ என எண்ணப்படும். இது இடமதிப்பு முறையைப் பின்பற்றுவதால் 12 என்பது ௧௨ என்றும் 30 என்பது ௩௦ என்றும் தோன்றும். கல்வெட்டுகளிலும் பழைய ஏடுகளிலும் காணப்படும் மரபில் இவை ௰௨, ௩௰ என எழுதப்படும். 30 குடும்புகளைப் பட்டியலிடும் பக்கத்தில் மரபு வடிவம் வேண்டுமெனில் ‘கவுன்டர்-ஸ்டைல்’ விதியால் கூட்டல் முறைப் பாணியை வரையறுக்கலாம். வலைச் சேர்த்தியத்தின் ஆயத்த எண்ணிப் பாணிகள் தொகுப்பில் ‘ஏன்ஷியன்ட்-தமிழ்’ என்ற பெயரில் 9999 வரை எண்ணும் இத்தகைய பாணி தரப்பட்டுள்ளது. அ, ஆ, இ என எண்ணும் பாணியையும் இதே விதியால் அமைக்கலாம்.

‘கவுன்டர்-ஸ்டைல்’ விதியைக் குரோம் 2021இலும் சஃபாரி 2023இலும் ஏற்றன. ஏற்காத உலாவியில் பட்டியல் வழக்கமான 1, 2, 3 என்றே தெரியும். எனவே உரையில் ‘௰௨ஆம் குடும்பு’ என்று எண்ணைச் சுட்டுவதைவிடக் குடும்பின் பெயரைச் சுட்டுவது எல்லா வாசகருக்கும் பொருந்தும்.

வேறுபாடுகளைச் சமாளிக்கும் முறைகள்

முதலாவது, பாணித்தாள் முற்றிலும் இல்லாமலும் பக்கம் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தலைப்பு, பத்தி, பட்டியல் ஆகியவற்றைப் பொருளுக்கேற்ற குறிச்சொற்களில் அமைத்தால் இது இயல்பாகவே நிறைவேறும்.

இரண்டாவது, பழையதை முன்னும் புதியதைப் பின்னும் எழுத வேண்டும். புதியதை அறிந்த உலாவி பின்னதை ஏற்கும். அறியாதது முன்னதோடு நிற்கும். ‘வெப்கிட்’, ‘மோஸ்’ போன்ற முன்னொட்டுகள் கொண்ட சோதனைப் பண்புகள் தேவைப்பட்டால் அவை முன்னே வர, முன்னொட்டில்லாத தரப்பண்பு இறுதியில் வர வேண்டும்.

மூன்றாவது, ஒன்றையொன்று சார்ந்த பல வரிகளை ‘சப்போர்ட்ஸ்’ விதிக்குள் வைக்கலாம். உலாவி அப்பண்பை ஏற்றால் மட்டுமே உள்ளிருக்கும் வரிகள் செயல்படும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2013இலும் சஃபாரி 2015இலும் இதை ஏற்றன. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இதை ஏற்காமலே 2022 சூனில் ஓய்வு பெற்றது. உலாவி ஒரு பண்பை ஏற்பதை மட்டுமே இவ்விதி சொல்லும். அப்பண்பு தமிழ் எழுத்தில் சரியாகச் செயல்படுகிறதா என்பதைச் சொல்லாது. அதைக் கண்ணால் பார்த்தே அறிய வேண்டும்.

நான்காவது, உலாவியின் பெயரைக் கண்டறிந்து அதற்கெனத் தனிப் பாணி அனுப்புவதைத் தவிர்க்க வேண்டும். பதிப்பு மாறும்போது அக்கணக்கு பொய்த்துவிடும்.

ஐந்தாவது, தோற்றம் மாறக் கூடாது என்பதற்காக உரையைப் படமாக்கி இடக் கூடாது. படத்திலுள்ள சொற்களைத் தேட இயலாது; நகலெடுக்க இயலாது; பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் படிக்காது; பெரிதாக்கினால் மங்கும்.

சோதனை

இன்று பெரும்பாலான உலாவிகள் மூன்று பொறிகளில் இயங்குகின்றன. குரோம், எட்ஜ், ஓப்பரா, சாம்சங் இன்டர்நெட் ஆகியவை பிளிங்க் பொறியையும், ஃபயர்ஃபாக்ஸ் கெக்கோ பொறியையும், சஃபாரி வெப்கிட் பொறியையும் பயன்படுத்துகின்றன. ஒரே பொறியைக் கொண்ட நான்கு உலாவிகளில் சோதிப்பதைவிட, மூன்று பொறிகளிலும் ஒவ்வொன்றில் சோதிப்பது பயன் தரும். கணினியில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும், வாய்த்தால் ஒரு ஐபோனும், விலை குறைந்த பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றும் பள்ளி அளவிலான பணிக்குப் போதும். உத்திரமேரூர் போன்ற ஊர்களில் ஒரு பக்கத்தைப் படிக்கப்போகும் மாணவர் கையில் இருக்கக்கூடியது அந்தப் பழைய கைப்பேசியே. ஆகவே அதில் முதலில் பார்க்க வேண்டும்.

சோதனைக்கு ஒரு சிறு பக்கத்தை உருவாக்கி வைத்துக்கொள்வது நல்லது. அதில் கெ, கே, கை, கொ, கோ, கௌ ஆகிய கொம்பெழுத்துகளும், டி, டீ, ழு, ழூ, ஞு ஆகியவையும், க்ஷ, ஸ்ரீ ஆகியவையும், ஒரு நீண்ட சொல்லும், தமிழும் ஆங்கிலமும் எண்ணும் கலந்த ஒரு வரியும் இருக்க வேண்டும். ஒவ்வொரு புதிய பாணியையும் முதலில் இப்பக்கத்தில் இட்டு, எழுத்தை 200 விழுக்காடு பெரிதாக்கியும், திரையைக் குறுக்கியும், இணைய எழுத்துருவை நிறுத்தியும் பார்க்க வேண்டும். எல்லா நிலைகளிலும் ஒவ்வோர் எழுத்தும் தன் வடிவத்தோடு நின்றால் அந்தப் பாணியை ஏற்கலாம். ஓர் எழுத்தேனும் வேறோர் எழுத்தாகத் தோன்றினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பாணியை விட்டுவிட வேண்டும்.